கட்டத்துக்குள் வந்து அமரும் எண்

விரிதாளின் ஒரு கட்டத்தில், ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய் என்று ஓர் எண் நிற்கிறது. திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்புகிறவர் அதைக்கொண்டு பெருக்கி விலை சொல்கிறார். அயல்நாட்டில் படிக்கும் மகளுக்குக் கட்டணம் அனுப்பும் தந்தை அதைக்கொண்டு பெருக்கிப் பெருமூச்சு விடுகிறார். வங்கியொன்றின் தணிக்கையாளர் அதே எண்ணைக்கொண்டு பெருக்கி, வங்கி லாபத்தில் இருக்கிறதா நஷ்டத்தில் இருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். மூவரில் எவரும் அந்த எண்ணைத் தம் கையால் அங்கே இடவில்லை. கோப்பைத் திறந்ததும் அது எங்கிருந்தோ வந்து அமர்ந்துகொண்டது. நேற்று வேறாக இருந்தது. நாளை வேறாக இருக்கும்.

இந்த வசதி நம் காலத்தில் வந்தது. இதன் பின்னே இருக்கும் தேவைக்கோ வயது அறுநூறு ஆண்டுகளுக்கு மேல். தொலைவிலுள்ள ஓர் ஊரில் ஒரு நாணயத்துக்கு என்ன மதிப்பு என்பதை அறிந்து, அதைத் தம் கணக்குப் புத்தகத்தில் உரிய இடத்தில் எழுதிக்கொள்ளும் வேலையை வணிகர்கள் இடையறாது செய்து வந்திருக்கிறார்கள். கடிதம், அச்சுத்தாள், புறா, கடலடிக் கம்பி, கணினித்திரை, இணையம் என்று ஊர்தி மாறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் எண் முன்னிலும் விரைவாக வந்தது. அதைச் சொன்னவர் யார், எந்த நேரத்தில் சொன்னார் என்ற விவரங்கள் வழியில் சிறிது சிறிதாக உதிர்ந்தன. அந்த உதிர்வின் வரலாற்றையும், அதற்கு ஒரு வங்கி கொடுக்க நேர்ந்த விலையையும் இக்கட்டுரையில் பார்க்கலாம்.

கடிதத்தின் கடைசி வரிகள்

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகருக்கு அருகிலுள்ள பிராட்டோவில் பிரான்செஸ்கோ தாத்தினி என்ற வணிகர் வாழ்ந்தார். 1410-இல் இறந்தார். அவிஞ்ஞோன், பிசா, ஜெனோவா, பார்சிலோனா, வலென்சியா, மயோர்க்கா எனப் பல ஊர்களில் அவருக்குக் கிளைகள் இருந்தன. தமக்கு வந்த கடிதம் எதையும் அவர் எறியவில்லை. கிளைகளில் இருந்தவர்களையும் எறியவிடவில்லை. 1870-இல் அவருடைய பழைய வீட்டிலிருந்து அந்தக் காகிதக் குவியல் வெளிப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கடிதங்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கணக்குப் புத்தகங்கள். இடைக்கால ஐரோப்பாவின் வணிகத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு அங்கிருந்து கிடைத்தது.

அக்கடிதங்களில் ஒரு பழக்கத்தைக் காணலாம். சரக்கு, கப்பல், கடன், நோய், வதந்தி என்று எல்லாம் எழுதி முடித்த பிறகு, கடிதத்தின் இறுதியில் அன்றைய நாணயமாற்று விகிதங்கள் வரிசையாக வரும். இந்த ஊருக்கு இவ்வளவு, அந்த ஊருக்கு அவ்வளவு என்று. கடிதத்தைப் பெற்றவர் அந்த வரிகளைப் பார்த்துத் தம் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். வெளியிலிருந்து ஒரு விகிதத்தைக் கணக்கேட்டுக்குள் கொண்டுவருவது என்ற செயலின் ஆதி வடிவம் இதுதான் எனலாம். ஆனால் அந்த எண்ணோடு கூடவே மூன்று விஷயங்கள் வந்தன. எழுதியவரின் கையெழுத்து தெரிந்தது. எழுதிய ஊரும் தேதியும் தெரிந்தன. எழுதியவர் எப்படிப்பட்டவர் என்பதும் பெற்றவருக்குத் தெரிந்திருந்தது. பார்சிலோனாவிலிருந்து எழுதுகிறவர் அவசரக்காரர் என்றால், அவர் தரும் எண்ணையும் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்ளலாம்.

அக்காலத்து விகிதம் வெறும் விலையாக இருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. வெனிஸில் பணத்தைக் கொடுத்து, லண்டனில் வேறு நாணயத்தில் பெற்றுக்கொள்ளும்படி எழுதப்பட்ட மாற்றுச்சீட்டுக்கு வழக்கமான தவணை மூன்று மாதம். வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்று விலக்கியிருந்தது. ஆகவே, அந்த மூன்று மாதத்துக்கான வட்டி நாணயமாற்று விகிதத்துக்குள் ஒளிந்துகொண்டது. விகிதத்தைப் படிப்பவர் அதற்குள் எத்தனை நாள் அடங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெனோவாவின் வங்கியாளர்கள் பியாசென்சா நகரில் ஆண்டுக்கு நான்கு முறை சந்தை கூட்டினார்கள். அங்கே விற்பனைக்குச் சரக்கு எதுவும் இல்லை. சில பத்துப் பேர் கூடி, ஐரோப்பாவின் நகரங்களுக்கிடையே நிலவ வேண்டிய விகிதங்களைத் தீர்மானித்து, கடன்களை ஒன்றுக்கொன்று கழித்துவிட்டுக் கலைந்தார்கள். எண்ணைச் சொன்னவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் ஆதாயம் பார்க்கிறவர்கள் என்பதும் தெரியும்.

வராகனும் வட்டமும்

நம் பக்கத்திலும் இது பழைய விஷயம். கம்பெனிக் காலத்துச் சென்னையில் கணக்கு வராகனிலும் பணத்திலும் காசிலும் எழுதப்பட்டது. எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். இது எழுத்தில் இருந்த கணக்கு. கடைத்தெருவில் வராகனுக்கு எத்தனை பணம் என்பது நாளுக்கு நாள் மாறியது. அந்த வேறுபாட்டுக்கு ‘வட்டம்’ என்று பெயர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, தேய்மானம் பார்த்து, வட்டம் கழித்துக் கொடுத்தவர் சராப்பு. பொருள் விற்றவருக்கு விலை ஒரு கணக்கு என்றால், வட்டம் இரண்டாவது கணக்கு. அந்த இரண்டாவது கணக்கில் ஏமாந்தால் முதல் கணக்கில் கிடைத்த லாபம் போய்விடும்.

1818-இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் முறை வந்தபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று விகிதம் குறிக்கப்பட்டது. ‘பணம்’ என்ற நாணயத்தின் பெயர் மட்டும் தமிழில் செல்வம் அனைத்துக்கும் பொதுப்பெயராகத் தங்கிவிட்டது. சராப்பின் திண்ணையில் உட்கார்ந்து வட்டம் கேட்டவனுக்கு, அந்த எண்ணைச் சொன்னவர் எதிரிலேயே இருந்தார். பேரம் பேசலாம், அடுத்த திண்ணையில் போய்க் கேட்டுப் பார்க்கலாம். அந்தச் சுதந்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

காப்பிக்கடையின் அச்சுத்தாள்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில், லண்டனில் ஜானத்தன் காப்பிக்கடையில் ஜான் காஸ்டைங் என்பவர் ஒரு சிறு தாளை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். பிரான்ஸிலிருந்து வந்த ஹியூகெனோ சமயத்தவர் வழியினர், தரகர். வாரத்துக்கு இரண்டு முறை, செவ்வாயிலும் வெள்ளியிலும், தாள் வெளிவந்தது. ஆம்ஸ்டர்டாம், ஆண்ட்வெர்ப், ஹாம்பர்க், பாரிஸ், காடிஸ், வெனிஸ், லிஸ்பன் என நகரங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதிரே அன்றைய விகிதம் இருக்கும். கீழே தங்கம், வெள்ளி, கம்பெனிப் பங்குகள். லண்டன் பங்குச் சந்தை தன் வரலாற்றை இந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறது.

கடிதத்தில் தனி மனிதருக்குத் தனி மனிதர் சொன்னது, இங்கே எவரும் வாங்கக்கூடிய அட்டவணையாயிற்று. வணிகர் தம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தாளைப் பார்த்து எழுதிக்கொண்டார். தாளில் காஸ்டைங்கின் பெயர் இருந்தது. எண் தவறென்றால் காப்பிக்கடைக்குப் போய் அவரையே கேட்கலாம்.

அந்தத் தாளைப் படிக்கவும் ஒரு பயிற்சி வேண்டியிருந்தது. ஆம்ஸ்டர்டாம் வரியில், ஒரு பவுண்டுக்கு எத்தனை ஃப்ளெமிஷ் ஷில்லிங் என்று இருக்கும். காடிஸ் வரியில், ஒரு ஸ்பானிய நாணயத்துக்கு எத்தனை பென்னி என்று இருக்கும். முதல் எண் ஏறினால் பவுண்டு உயர்ந்தது என்று பொருள். இரண்டாவது எண் ஏறினால் பவுண்டு தாழ்ந்தது என்று பொருள். ஒரே தாளில், ஒரே பத்தியில், எதிரெதிர்த் திசையில் படிக்க வேண்டிய எண்கள். இந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை. ஐரோப்பிய மத்திய வங்கி ஒரு யூரோவுக்கு இத்தனை யென் என்கிறது. இந்தியாவில் வெளியாகும் குறிப்பு விகிதமோ நூறு யென்னுக்கு இத்தனை ரூபாய் என்கிறது. இரண்டையும் ஒரே விரிதாளில் இறக்கிவிட்டு, திசையையும் நூறையும் கவனிக்காமல் பெருக்கியவருக்கு எந்த இயந்திரமும் எச்சரிக்கை தராது.

புறாவும் கம்பியும்

1850-இல் பெர்லினிலிருந்து ஆஹன் நகர்வரை தந்தி வந்துவிட்டது. பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ்வரை வந்துவிட்டது. இடையில் தந்தி இல்லை. ரயில் ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. பால் ஜூலியஸ் ராய்ட்டர் என்ற ஜெர்மானியர் பிரஸ்ஸல்ஸிலிருந்து புறாக்களின் காலில் பங்கு விலைகளைக் கட்டி அனுப்பினார். புறா இரண்டு மணி நேரத்தில் வந்தது. அந்த நான்கு மணி நேர வித்தியாசமே அவருடைய சரக்கு. அடுத்த ஆண்டு ஆங்கிலக் கால்வாயின் அடியில் கம்பி போடப்பட்டபோது, அவர் லண்டனுக்குக் குடிபெயர்ந்து ராயல் எக்ஸ்சேஞ்சில் இரண்டு அறைகளில் அலுவலகம் வைத்தார். செய்தி நிறுவனமாக உலகம் பின்னாளில் அறிந்த ராய்ட்டர்ஸ், முதலில் விலை சுமக்கும் நிறுவனமாகவே பிறந்தது.

1866-இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பி நிலையாக இயங்கத் தொடங்கியது. இருபது சொற்களுக்கு இருபது பவுண்டு என்று தொடக்கத்தில் கட்டணம் வைத்தார்கள். அந்த விலையிலும் வணிகர்கள் நாணய விகிதங்களை அனுப்பினார்கள். பவுண்டுக்கும் டாலருக்கும் இடையிலான விகிதத்தைச் சந்தைக்காரர்கள் இன்றும் ‘கேபிள்’ என்றே அழைக்கிறார்கள். கம்பி போய்விட்டது, பெயர் இருக்கிறது.

1870-இல் ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாக வந்த கடலடிக் கம்பி பம்பாயை லண்டனோடு இணைத்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில்தான் ரூபாயின் வீழ்ச்சியும் தொடங்கியது. ஜெர்மனி தங்கத்துக்கு மாறியது. அமெரிக்காவின் நெவாடாவில் வெள்ளி கொட்டியது. வெள்ளி விலை சரிந்தது. 1870-களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய், 1892–93-இல் ஒன்றேகால் ஷில்லிங்குக்கு இறங்கியது. இந்திய அரசு லண்டனுக்குச் செலுத்த வேண்டிய தொகைகள் பவுண்டில் இருந்தன. வரியோ ரூபாயில் வந்தது. விகிதம் ஒரு பென்னி இறங்கினால், வண்டல் மண்ணில் உழுகிறவனுக்குத் தெரியாமலே அவன்மேல் சுமை ஏறியது. 1893-இல் பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபாய் அச்சிட்டுக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் ரூபாய் ஒரு ஷில்லிங் நான்கு பென்னியில், அதாவது ஒரு பவுண்டுக்குப் பதினைந்து ரூபாய் என்ற கணக்கில் நிறுத்தப்பட்டது.

அந்த விகிதம் எங்கே தீர்மானிக்கப்பட்டது? இந்திய விவகார அமைச்சர் லண்டனில், இங்கிலாந்து வங்கியில், புதன்கிழமைதோறும் கவுன்சில் பில் என்ற சீட்டுகளை ஏலத்தில் விற்றார். லண்டனில் பவுண்டு கொடுத்து வாங்கினால், கல்கத்தாவிலோ பம்பாயிலோ சென்னையிலோ உள்ள கருவூலத்தில் ரூபாய் பெறலாம். சீட்டைக் கப்பலில் அனுப்பினால் ஒரு விலை. தந்தி மூலம் மாற்றினால் சற்றுக் கூடுதல் விலை. வழக்கமான வேறுபாடு ரூபாய்க்குப் பென்னியில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்று கெய்ன்ஸ் தம் 1913-ஆம் ஆண்டு நூலில் விளக்குகிறார். கப்பல் கடலில் இருக்கும் நாட்களின் விலை அது. விகிதம் ஒன்றல்ல, அது எந்த ஊர்தியில் வருகிறது என்பதைப் பொறுத்து இரண்டு என்பதை அன்றைய வியாபாரி அறிந்திருந்தான்.

திரையில் மிதந்த நாணயங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிரெட்டன் வுட்ஸ் ஏற்பாட்டின் கீழ், நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டன. ஒரு விகித அட்டவணையை அச்சிட்டுச் சுவரில் மாட்டினால் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். இந்தியாவில் ஒரு டாலர் 4.76 ரூபாய் என்ற எண் 1966 ஜூன் 6 வரை நின்றது, அன்று 7.50 ஆயிற்று. அன்று எத்தனை கணக்குப்பிள்ளைகள் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதியிருப்பார்கள்! ஆனால் அதுவும் ஒருமுறை எழுதினால் போதுமான வேலை.

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்ஸன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை அறுத்தார். 1973 மார்ச்சில் முக்கிய நாணயங்கள் மிதக்கத் தொடங்கின. அதே ஆண்டு ராய்ட்டர்ஸ் தன் மானிட்டர் சேவையை வங்கிகளுக்கு வழங்கியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. திரையில் தெரிந்த விகிதங்களை ராய்ட்டர்ஸ் கணிக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தன் விகிதத்தைத் தானே உள்ளிட்டது. பார்க்கிறவரும் கட்டணம் கட்டினார். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் வங்கியின் அடையாளம் இருந்தது. அது ‘இந்த விலைக்கு வாங்கலாம்’ என்ற உறுதி அல்ல. ‘ஏறத்தாழ இவ்வளவு, கூப்பிட்டுப் பேசுங்கள்’ என்ற அழைப்பு. பழைய சராப்பின் திண்ணை பசுமை ஒளிரும் திரைக்குள் போயிற்று என்று சொல்லலாம்.

விரிதாளின் வருகை

கணக்கர்கள் அகலமான தாளில் பத்திகளும் வரிசைகளும் போட்டுக் கணக்கெழுதுவது பழைய வழக்கம். விரிதாள் என்ற பெயரே அங்கிருந்து வந்தது. 1978-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், ஆசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றியதும் அதைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து மீண்டும் எழுத நேர்வதைக் கவனித்தார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறும் பலகை ஒன்று இருந்தால்? பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அறுபத்து மூன்று பத்திகள், இருநூற்று ஐம்பத்து நான்கு வரிசைகள். 1983-இல் லோட்டஸ் 1-2-3. 1985-இல் மாக்கின்டாஷ் கணினிக்கும், 1987-இல் விண்டோஸுக்கும் எக்செல்.

ஓர் எண்ணை மாற்றினால் எல்லாம் மாறும் என்பது விரிதாளின் வலிமை. நாணய விகிதமோ இடைவிடாது மாறும் எண். இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டது இயல்பே. முதலில் செய்தித்தாளையோ திரையையோ பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். பின்னர் விண்டோஸ் தந்த ஒரு வழியால், சந்தைத் தகவல் மென்பொருளிலிருந்து நேரடியாகக் கட்டத்துக்குள் விகிதம் பாயத் தொடங்கியது. எக்செல் 97 காலத்திலிருந்து, ஓர் இணையப் பக்கத்திலுள்ள அட்டவணையைக் கேட்டு வாங்கும் வசதி வந்தது. அதன் பின்வந்த சில பதிப்புகளில், மைக்ரோசாஃப்டின் எம்எஸ்என் தளத்திலிருந்து நாணய விகிதங்களைக் கொண்டுவரும் கோப்பு ஒன்று ஆயத்தமாகவே இணைந்து வந்தது. சிறு வியாபாரிக்கும் ஆராய்ச்சி மாணவருக்கும் பெரிய வங்கிக்கும் ஒரே எண், செலவில்லாமல்.

கையால் எழுதிய காலத்தில், எழுதும் கை ஒரு கணம் தயங்கும். நேற்று 47, இன்று 74 என்று இருக்கிறதே, சரிதானா என்று கண் கேட்கும். தானாக வந்து அமரும் எண்ணுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

பால்டிமோரில் நடந்தது

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பால்டிமோர் நகரில் ஆல்ஃபர்ஸ்ட் என்ற வங்கி இருந்தது. அயர்லாந்தின் அலைட் ஐரிஷ் வங்கிக்குச் சொந்தமானது. அங்கே அந்நியச் செலாவணி வியாபாரம் சிறிய பிரிவு. அதில் 1993-இல் சேர்ந்த ஜான் ரஸ்னாக், யென்னின் மதிப்பு உயரும் என்று பந்தயம் கட்டி, 1997-இலிருந்து நஷ்டப்பட்டார். நஷ்டத்தை மறைக்க, நடக்காத ஆப்ஷன் ஒப்பந்தங்களை நடந்ததாகக் கணக்கில் ஏற்றினார். 2002 பிப்ரவரியில் உண்மை வெளிப்பட்டபோது மறைந்திருந்த நஷ்டம் 69.1 கோடி டாலர். முன்னாள் வங்கிக் கண்காணிப்பு அதிகாரி யூஜின் லட்விக் தலைமையில் விசாரணை நடந்து, அடுத்த மாதமே அறிக்கை வெளியாயிற்று.

அந்த அறிக்கையில் நமக்குரிய பகுதி ஒரு விரிதாளைப் பற்றியது. ஒரு வியாபாரி கையிலுள்ள ஒப்பந்தங்களின் மதிப்பை, அன்றைய சந்தை விகிதத்தைக் கொண்டு வேறொருவர் கணக்கிட வேண்டும் என்பது வங்கித் தொழிலின் அடிப்படை விதி. ஆல்ஃபர்ஸ்டில் அந்தக் கணக்கைச் சரிபார்ப்புப் பிரிவே செய்தது. ஆனால் விகிதங்கள் அங்கே வந்த வழி விசித்திரமானது. ராய்ட்டர்ஸிலிருந்து விகிதங்கள் முதலில் ரஸ்னாக்கின் கணினிக்கு வந்தன. அங்கிருந்து ஒரு விரிதாள் வழியாகச் சரிபார்ப்புப் பிரிவுக்குப் போயின. அதாவது, மாணவனின் விடைத்தாளைத் திருத்துகிறவர், சரியான விடை எது என்பதை அதே மாணவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஏன் இப்படி? சரிபார்ப்புப் பிரிவுக்கென்று தனியாக ராய்ட்டர்ஸ் இணைப்பு வாங்கப் பத்தாயிரம் டாலர் ஆகும். வங்கி அதைச் செலவிடாது என்பது விசாரணையில் பதிவான விளக்கம். பின்னர் ஒருவர் அந்த விரிதாளைத் திறந்து பார்த்தபோது, யென்னுக்கும் யூரோவுக்கும் உரிய கட்டங்கள் ராய்ட்டர்ஸிலிருந்து நேராக வராமல், வெளியே வேறு கட்டங்களோடு பிணைக்கப்பட்டிருந்தன. ரஸ்னாக் பெருமளவில் வியாபாரம் செய்த நாணயங்களில் அவை முக்கியமானவை. மற்ற நாணயங்களின் கட்டங்களில் உண்மையான எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நூறு கட்டங்களில் இரண்டு கட்டங்கள் மட்டும் பொய் சொல்லும் அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதல்ல. குறை தென்பட்ட பிறகும் அதன் முழுப் பொருள் மேலிடத்துக்கு எட்டவில்லை.

ரஸ்னாக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2003 ஜனவரியில் அவருக்கு ஏழரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆல்ஃபர்ஸ்ட் வேறொரு வங்கியோடு இணைந்து பெயரற்றுப் போயிற்று. வங்கியின் நஷ்டத்துக்கு அந்த விரிதாள் மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. போலி ஒப்பந்தங்களும், கேள்வி கேட்காத மேலதிகாரிகளும் பெரிய காரணங்கள். ஆனால் பிடிபட்டிருக்க வேண்டிய நாளில் பிடிபடாமல் போனதற்கு, ஓர் எண் எந்த வழியாக வந்தது என்று கேட்காததும் ஒரு காரணம். பத்தாயிரத்தை மிச்சப்படுத்தி அறுபத்தொன்பது கோடியை இழந்த கணக்கை எந்த விரிதாளிலும் போட்டுப் பார்க்கலாம்.

பொது ஊற்றுகள்

இன்று இந்த எண்ணைத் தேடுகிறவருக்கு நம்பகமான பொது ஊற்றுகள் உண்டு. யூரோ பிறந்தபோது, 1999 ஜனவரியிலிருந்து, ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் குறிப்பு விகிதங்களை வெளியிட்டு வருகிறது. பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி மத்திய வங்கிகள் கலந்து தீர்மானிக்கும் விகிதங்கள், நான்கு மணியளவில் இணையத்தில் வெளியாகின்றன. கணினி படிக்கும் வடிவிலும் கிடைப்பதால் விரிதாளில் இறக்குவது எளிது. 2016 வரை சற்று முன்னதாகவே வெளியிட்டார்கள். விகிதத்தைத் தகவலுக்காக மட்டும் பயன்படுத்த வேண்டும், அதை வைத்து வியாபாரம் செய்யக்கூடாது என்று வற்புறுத்தவே வேண்டுமென்று தாமதப்படுத்தினார்கள். விரைவே குறி என்று ஓடிய அறுநூறு ஆண்டு வரலாற்றில், ஓர் எண்ணை வேண்டுமென்றே மெதுவாக நடக்கவிட்ட நிகழ்ச்சி இது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி கணித்து வந்த குறிப்பு விகிதத்தை, 2018 ஜூலையிலிருந்து நிதி அளவுகோல்களுக்கென்று அமைந்த தனி நிறுவனம் கணிக்கிறது.

இந்த ஊற்றுகளும் சில நாட்களில் மௌனமாகிவிடும். ஐஸ்லாந்தின் வங்கிகள் வீழ்ந்தபோது, அந்நாட்டுக் குரோனாவுக்கு உள்நாட்டில் ஒரு விலையும் வெளியே ஒரு விலையும் நிலவின. 2008 டிசம்பர் 3 அன்று ஒரு யூரோவுக்கு 290 குரோனா என்று வெளியிட்டதோடு ஐரோப்பிய மத்திய வங்கி நிறுத்திக்கொண்டது. மீண்டும் தொடங்கியது 2018 பிப்ரவரியில். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில், ‘கடைசியாகக் கிடைத்த விகிதத்தை எடுத்துக்கொள்’ என்று கட்டளையிடப்பட்ட விரிதாள் ஒவ்வொரு நாளும் 290 என்றே சொல்லியிருக்கும். 2022 மார்ச்சில் ரஷ்ய ரூபிளும் அப்படி நின்றது. 2023-இல் குரோஷியா யூரோவை ஏற்றபோது அதன் குனா பட்டியலிலிருந்து நீங்கியது. பெயரைப் பார்க்காமல் ‘பன்னிரண்டாவது பத்தி’ என்று கணக்கு வைத்திருந்தவருக்கு, ஒரு நாட்டின் நாணயம் மறைந்ததும் அடுத்த நாட்டின் நாணயம் அந்த இடத்தில் வந்து அமரும். புள்ளிக்குப் பதிலாகத் தசமத்துக்குக் காற்புள்ளி இடும் நாடுகளின் கோப்பை அப்படியே இறக்கினால், ஒன்று புள்ளி சொச்சம் பத்தாயிரத்துச் சொச்சமாக வீங்கிவிடுவதும் உண்டு.

இலவசமாகக் கிடைத்த வழிகளின் கதை இன்னும் நிலையற்றது. எம்எஸ்என் தளம் தன் பக்கங்களை மாற்றியமைத்ததும் எக்செல்லோடு வந்த ஆயத்தக் கோப்பு பயனற்றுப் போனது. யாஹூவின் நிதித் தளத்திலிருந்து விலைகளை எளிதாக இறக்கும் வழி ஒன்றை உலகெங்கும் எண்ணற்ற விரிதாள்கள் நம்பியிருந்தன. 2017 நவம்பரில் அது மூடப்பட்டது. கொடுத்தவர் கொடுக்கிறேன் என்று என்றும் வாக்களித்திருக்கவில்லை. காஸ்டைங்குக்குச் சந்தா கட்டியவனுக்கு இருந்த உரிமை, இலவச எண்ணை எடுத்துக்கொண்டவனுக்கு இல்லை.

பெரிய பெயர் இருந்தாலே எண் நேர்மையானது என்றும் கொள்ள முடியாது. உலகின் பெருநிதிகள் பலவும் தம் கணக்கை முடிக்கப் பயன்படுத்தும் விகிதம், லண்டனில் மாலை நான்கு மணிக்குக் குறிக்கப்படுவது. நான்கு மணிக்கு முன்னும் பின்னும் முப்பது வினாடிகளில் நடக்கும் வியாபாரத்தைக் கொண்டு அது கணிக்கப்பட்டது. போட்டி வங்கிகளின் வியாபாரிகள் இணைய அரட்டை அறைகளில் கூடிப் பேசி அந்த ஒரு நிமிடத்தைத் தமக்கேற்ப வளைத்தார்கள் என்பது வெளிப்பட்டது. 2014 நவம்பரில் பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பு மட்டும் ஐந்து வங்கிகளுக்கு 110 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டு அந்த ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாக நீட்டப்பட்டது. பியாசென்சாவில் கூடிய ஜெனோவாக்காரர்கள் வெளிப்படையாகச் செய்ததை, இவர்கள் மறைவாகச் செய்தார்கள்.

எண்ணுக்கு அருகில்

2015 ஜனவரி 15 காலையில் ஒரு யூரோவுக்கு 1.20 சுவிஸ் பிராங்க் என்ற எண், மூன்றாண்டுகளுக்கு மேலாகச் சுவிஸ் மத்திய வங்கி காத்து நின்ற எல்லை. பத்தரை மணிக்கு அந்த வங்கி காவலை விலக்கிக்கொண்டது. சில நிமிடங்களில் பிராங்கின் மதிப்பு முப்பது விழுக்காட்டை ஒட்டி எகிறியது. அன்று காலை பத்து மணிக்குத் திறந்து வைத்த விரிதாளும், பதினொரு மணிக்குத் திறந்த விரிதாளும் ஒரே தேதியைக் காட்டின. இரண்டும் ஒரே நாளின் உண்மைகள்தாம். பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கியிருந்த போலந்துக்காரனுக்கு அவை இரண்டு வேறு வாழ்க்கைகள்.

தாத்தினியின் கடிதத்தில் எண்ணைச் சுற்றி ஊரும் தேதியும் கையெழுத்தும் இருந்தன. அவற்றை மீட்டுக்கொள்வது இன்று கடினமான காரியமல்ல. விகிதம் நிற்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு கட்டங்கள் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று ஒன்று. எந்த நாள், எந்த மணிக்குரியது என்று ஒன்று. எதற்கு எது, எந்தத் திசையில் என்று ஒன்று. நேற்றைய எண்ணிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒன்று. பழைய கணக்கு முடிந்துவிட்டால், அதற்குரிய விகிதத்தை மீண்டும் மாறாதபடி நிலையான எண்ணாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சென்ற ஆண்டின் லாபம் இன்றைய விகிதத்தில் தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த எண்ணால் ஆதாயம் பெறக்கூடியவர் கையைத் தொடாமல் அது வர வேண்டும்.

சராப்பிடம் வட்டம் கேட்டவன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கட்டத்துக்குள் வந்து அமரும் எண்ணுக்கு முகம் இல்லை. அதற்கு முகவரியாவது எழுதி வைப்பது, அதைப் பெருக்கிப் பிறருக்கு விலை சொல்கிறவர்களின் பொறுப்பு.